எஞ்சிய அரைப்பங்கு

(பாகலூர்த் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)

  

பள்ளி நூலகத்தில் மூத்த மாணவர் ஒருவரையும் இளைய மாணவர் ஒருவரையும் அருகருகே அமர்த்தி, இருவர்க்கும் நடுவே ஒரே நூலை விரித்து, கிழமைக்கு இருமுறை, முறைக்கு இருபது மணித்துளி, வாய்விட்டுப் படிக்கச் செய்தல் வேண்டும் என்பதே இப்பொழிவு வலியுறுத்தும் கருத்து. இதனை இணைப்படிப்பு என்று வழங்கலாம். மொழிக்காகச் சிறை சென்றோரையும் உயிர் ஈந்தோரையும் கண்ட நாட்டில் இஃது ஒரு பெருஞ்செய்தியா என்று எவரேனும் வினவக்கூடும். எல்லைப்புறத்து ஊரில் ஒரு மொழி வேரூன்றுவதும் வேரறுவதும் இத்தகைய சிறு பணிகளைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே சற்றே பொறுமையோடு செவிமடுங்கள்.

எல்லைக்கோடும் வீட்டுமொழியும்

பாகலூர் ஓசூருக்கு வடக்கே கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது ஓசூர்ப் பகுதி சென்னை மாநிலத்தில் நின்றது. சேலம் மாவட்டத்தில் இருந்த அப்பகுதி 1965இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004இல் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. ஆட்சிக்கோடுகள் இவ்வாறு மாறி வந்தன. வீட்டுக்குள் வழங்கும் மொழியோ கோட்டைப் பார்த்து மாறவில்லை. தமிழ் பேசும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தெலுங்கு. அடுத்த தெருவில் கன்னடம். அதற்கும் அப்பால் உருது. 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்த பின்னர்த் தமிழகத்தின் பிற மாவட்டத்தார் பலர் குடியேறினர். அண்மை ஆண்டுகளில் தொழிற்சாலைகளையும் தோட்டங்களையும் நாடி வடபுல மாநிலங்களிலிருந்தும் உழைப்பாளர் குடும்பங்கள் வந்துள்ளன.

இத்தகைய ஊரில் தெலுங்கு பேசும் வீட்டுச் சிறுமி ஒருத்தி மூன்றாம் வகுப்பில் பயில்வதாக எண்ணிக் கொள்ளுங்கள். தாயிடம் தெலுங்கு, விளையாட்டில் கன்னடம், கடையில் தமிழ், கைப்பேசியில் வேறு இரண்டு மொழிகள் என அவள் நாவில் பல மொழிகள் புழங்குகின்றன. தமிழைப் பேசுகிறாள், கேட்டால் அறிந்துகொள்கிறாள். ஆனால் தமிழ் நூலை எடுத்துக் கையில் கொடுத்தால் எழுத்தெழுத்தாகத் தடவுகிறாள். சொல்லின் கடைசி எழுத்தை எட்டுவதற்குள் முதலெழுத்து நினைவினின்று நழுவிவிடுகிறது. அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் தமிழ் வீட்டுப் பையன் நிலையும் பல வேளைகளில் இதைவிட மேம்பட்டதன்று. அவன் வீட்டில் பாடநூலைத் தவிர வேறு தமிழ் நூல் இல்லை. அவனோடு அமர்ந்து படிப்பாரும் இல்லை. தாயும் தந்தையும் முறைமாற்றி வேலைக்குச் செல்லும் வீட்டில் கதை கேட்கவோ சொல்லவோ பொழுது ஏது?

2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம், அக்கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அச்சட்டம் வேண்டியதே. எனினும் சட்டத்தால் பாடவேளையைத் தரமுடியுமேயன்றிப் படிக்கும் விருப்பத்தைத் தரமுடியாது. கடைப் பலகைகளில் தமிழ் வேண்டும் என்று நாம் போராடுகிறோம். அப்பலகையைப் படிக்கத் தடுமாறும் பிள்ளை அதே தெருவில் வளருமாயின் பலகையால் விளைந்த பயன் என்ன?

மணித்துளிக் கணக்கு

இக்குறையை ஆசிரியர்மீது சுமத்துதல் எளிது, ஆனால் முறையன்று. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உள்ளனர் என்றும், பாடவேளை நாற்பது மணித்துளி என்றும் கொள்வோம். ஆசிரியர் பாடமே நடத்தாமல் ஒவ்வொரு பிள்ளையையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும், பிள்ளைக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணித்துளி. அந்த ஒரு மணித்துளியும் மற்ற முப்பத்தொன்பது பேர் நகைப்பார்களோ என்ற அச்சத்தோடு கழியும்.

இணைப்படிப்பில் அதே பிள்ளைக்கு ஒருமுறைக்கு இருபது மணித்துளி கிடைக்கிறது. கிழமைக்கு இருமுறையாக முப்பது கிழமைகள் நடந்தால் ஆண்டுக்கு ஆயிரத்திருநூறு மணித்துளி. அதாவது இருபது மணிநேரம். அத்தனை நேரமும் அப்பிள்ளையின் குரலை மட்டுமே கேட்கும் ஒரு செவி அருகில் இருக்கிறது. பெருஞ்செலவு ஏதுமின்றி இவ்வளவு நேரத்தை அளிக்கவல்ல வேறு வழி எளிதில் கிட்டாது.

நன்னூல் வகுத்த பங்கு

இளைய பிள்ளைக்குப் பயன் உண்டு என்பதை எவரும் ஒப்புவர். மூத்த பிள்ளைக்கு என்ன பயன், அவன் நேரம் வீணாகாதா என்பதே பெற்றோர் பலர் எழுப்பும் ஐயம். இதற்கு விடையை ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே நன்னூல் தந்துவிட்டது.

ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு ஊன்றிக் கேட்டாலும் மாணவனுக்கு வாய்ப்பது காற்பங்கு அறிவே என்கிறார் பவணந்தியார். உடன் பயில்வாரோடு கூடிப் பயில்வதால் மற்றுமொரு காற்பங்கு வாய்க்கிறது. எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. அப்போதே புலமை குற்றமற்று நிறைகிறது என்பது அவர் வகுத்த கணக்கு.

இன்றைய பள்ளியை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசிரியர் சொல்லக் கேட்கும் காற்பங்கு மட்டுமே அங்கு முறையாக நடைபெறுகிறது. உடன் பயிலும் காற்பங்கு தேர்வுப் போட்டியால் தேய்ந்துவிட்டது. எடுத்துரைக்கும் அரைப்பங்குக்கோ கால அட்டவணையில் இடமே இல்லை. ஆகவே மூத்த மாணவனை இளையவனருகே அமர்த்துவது அவன் கல்வியில் கொள்ளையடிப்பதன்று. அவனுக்கு வரவேண்டிய அரைப்பங்கை அவனிடம் சேர்ப்பதாகும்.

உடன் பயின்றோர்க்கு நம் முன்னோர் தந்த மதிப்பு சிறிதன்று. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யும் உரிமை உடையோர் நால்வர் என்றது இலக்கண மரபு: நூலாசிரியனின் ஆசிரியன், அவனொடு கற்றோன், அவன் மாணாக்கன், அந்நூலுக்கு உரை கண்டோன். கற்பித்த ஆசிரியனுக்கு அடுத்த நிலையில் உடன் கற்றோன் வைக்கப்பட்டான். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்றே உரையாசிரியர்கள் குறித்தனர்.

மற்றொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. பவணந்தியாரை நன்னூல் இயற்றுமாறு வேண்டியவன் சீயகங்கன். கோலாரைத் தலைநகராகக் கொண்டு விளங்கிய கங்கர் மரபின் வழிவந்தவன். அக்கோலார் பாகலூருக்கு நெடுந்தொலைவன்று. கன்னடமும் தமிழும் கலந்து வழங்கிய எல்லைப்புறத்து அரசமரபினன் வேண்டியதால் பிறந்த நூலே இன்றுவரை தமிழ் மாணவர்க்கு இலக்கணம் கற்பிக்கிறது. எல்லைப்புறம் தமிழுக்கு ஈந்ததும் உண்டு என்பதை இவ்வூரார் பெருமிதத்தோடு எண்ணலாம்.

திண்ணையும் சென்னை முறையும்

இளையோர்க்கு மூத்தோர் கற்பிக்கும் வழக்கம் நூலில் மட்டும் இருந்ததன்று. திண்ணைப் பள்ளிகளில் அது நாள்தோறும் நடைபெற்றது. ஒரே ஆசிரியர், அகவை வேறுபட்ட பிள்ளைகள், மணலில் எழுதத் தொடங்குவோனும் ஓலையில் எழுத்தாணி பிடிப்போனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தனர். முதிர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோர்க்கு எழுத்துக் காட்டுவான்.

ஆண்டுரு பெல் என்ற இசுகாட்லாந்துக்காரர் 1789இல் சென்னை எழும்பூரில் தொடங்கப்பட்ட படைவீரர் மகார் இல்லத்தின் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை ஒரு திண்ணைப் பள்ளியில் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் நடத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. ஆகவே சான் பிரிசுகின் என்ற எட்டு அகவைச் சிறுவனையே கடைசி வகுப்புக்குக் கற்பிக்கும்படி அமர்த்தினார். முறை வெற்றி பெற்றது. 1796இல் தாயகம் மீண்ட பெல், அடுத்த ஆண்டு இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். அம்முறைக்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கிற்று. அவர் பிறந்த செயின்ட்டு ஆண்ட்ரூசு நகரில் 1833இல் தொடங்கப்பட்ட பள்ளி இன்றும் சென்னையின் பழம்பெயராலேயே, மதராசுக் கல்லூரி என்றே விளங்குகிறது.

மணலெழுத்தைத் தமிழரிடம் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் புதுப்படைப்பு என்றே கூறினார். உண்மை அவ்வாறாகத் தோன்றவில்லை. பெல் பிறப்பதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன், 1623இல், பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலிய வழிச்செலவினர், இன்றைய கருநாடகத்தின் மேற்குப் பகுதியில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர் சிலர் பாடிக்கொண்டே மணலில் எழுதி, ஆசிரியர் இல்லாமலே ஒருவர்க்கொருவர் கற்பித்துக் கொண்டதைக் கண்டு வியந்து எழுதி வைத்துள்ளார்.

ஆங்கிலேய ஆட்சியாளருள்ளும் இதனை அறிந்து பாராட்டியோர் உண்டு. கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகள் அடங்கிய பாராமகாலில் 1792 முதல் 1799 வரை பணியாற்றிய தாமசு மன்றோ, பின்னர்ச் சென்னை ஆளுநராகி, 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். வல்லாரி மாவட்டத் தண்டலர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், அம்மாவட்டத்தில் 533 பள்ளிகள் இருந்தன என்றும், அவற்றுள் 235 கன்னடப் பள்ளிகள், 226 தெலுங்குப் பள்ளிகள், 4 தமிழ்ப் பள்ளிகள் என்றும் குறித்தார். முன்னேறிய மாணவர் பின்தங்கிய மாணவர்க்குக் கற்பித்து அதனாலேயே தம் அறிவையும் உறுதிப்படுத்திக் கொள்ளும் முறை போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் அவர் எழுதினார். நன்னூலார் சொன்ன அரைப்பங்கை, நன்னூலை மேற்கோளாகக் காட்டாமலே, கண்ணால் கண்டு எழுதிய சான்று இது.

அந்தக் கேம்பல் யார்? 1816இல் வெளிவந்த தெலுங்கு இலக்கண நூலின் ஆசிரியர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று எல்லிசர் நிறுவிய கட்டுரை, கால்டுவெல் நூல் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, கேம்பலின் அந்நூலில்தான் அச்சேறியது. தமிழர்க்கு மட்டுமன்றி, உடன்பிறந்த மொழியினர் மூவர்க்கும் உரிய பழஞ்சொத்தே இம்முறை என்பது இதனால் விளங்கும்.

வழுவிய இடம்

பழமையைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் கூடாது. 1826இல் மன்றோ தொகுத்த கணக்கின்படிச் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர். அவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. எல்லாத் திண்ணைகளும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. சட்டாம்பிள்ளையின் கையில் எழுத்தாணியோடு பிரம்பும் இருந்தது. கற்பிப்போனாக இருக்க வேண்டியவன் பல இடங்களில் காவற்காரனாகிவிட்டான்.

கடல் கடந்த சென்னை முறைக்கும் வேறொரு கேடு நேர்ந்தது. பெல்லும், இலண்டனில் 1798இல் பள்ளி தொடங்கிய லங்காசுடரும் பரப்பிய முறையில், ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்த்தார். மூத்த மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வரிசைப் பிள்ளைகளுக்கு ஆணையிட்டனர். ஆசிரியர்க்குத் தரும் ஊதியத்தை மிச்சப்படுத்தும் வழியாகவே செல்வர்கள் அதனை விரும்பினர். தொழிற்சாலைப் பொறிபோல இயங்கிய அம்முறை, 1846க்குப் பின் பயிற்சி பெற்ற ஆசிரியரை உருவாக்கும் ஏற்பாடு வந்ததும் மங்கிப் போயிற்று.

இவ்விரு வழுக்களிலிருந்தும் ஒன்று தெளிவாகிறது. ஒருவன் பலர்க்கு ஆணையிட்டால் சட்டாம்பிள்ளை பிறக்கிறான். ஒருவர் ஒருவரோடு அமர்ந்தால் உடன்பிறப்பு பிறக்கிறது. ஆகவே இணைப்படிப்பில் ஒரு மூத்தவர்க்கு ஓர் இளையவரே இருத்தல் வேண்டும். பிரம்பு கூடாது, மதிப்பெண் கூடாது, ஆசிரியர் பணியிடம் ஒன்றையேனும் இதனைக் காட்டிக் குறைத்தலும் கூடாது.

இவ்வாறு சீர்செய்த முறைக்கு இக்கால ஆய்வும் துணை நிற்கிறது. பெல் பிறந்த செயின்ட்டு ஆண்ட்ரூசு நகரம் அடங்கிய பைபு மாவட்டத்திலேயே, 129 தொடக்கப் பள்ளிகளில் இணைக்கற்பித்தலை இரண்டாண்டுகள் நடத்திப் பார்த்தனர். தண்டீப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கீத்து தாப்பிங்கு உள்ளிட்டோர் 2011இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே வகுப்பினரை இணைத்தபோது குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. மூத்தவரையும் இளையவரையும் இணைத்தபோது தெளிவான முன்னேற்றம் தென்பட்டது. முன்னேற்றம் மலையளவு அன்று. ஆயினும் ஒரு மாவட்டப் பள்ளிகளில் பரவலாகக் கண்டறியப்பட்டது. திண்ணையிலிருந்து புறப்பட்ட விதை, சென்ற இடத்திலேயே திருந்தி முளைத்தது என்னலாம்.

மூன்று ககரங்கள்

எல்லைப்புறத்துக்கு இம்முறை ஏன் சிறப்பாகப் பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். பக்கம், பங்கு, பகல் என்னும் மூன்று சொற்களிலும் வருவது ஒரே ககரம். ஒலியோ மூன்று வகை. தெலுங்கு, கன்னட எழுத்துகளில் வலிந்த ஒலிக்கும் மெலிந்த ஒலிக்கும் வெவ்வேறு எழுத்துகள் உள்ளன. அவ்வெழுத்தை முன்னரே அறிந்த பிள்ளை, தமிழில் ஓரெழுத்தை ஏன் மூவகையாகச் சொல்கிறீர்கள் என்று கேட்கும்.

தமிழ் வீட்டில் பிறந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு இதுவரை அவ்வினாவே எழுந்ததில்லை. மூச்சு விடுவதுபோல் ஒலித்து வந்தாள். இப்போது தங்கை கேட்டுவிட்டாள், விடை சொல்லவேண்டும். இரட்டித்து வந்தால் வலிது, இனமெல்லெழுத்தின் பின் வந்தால் அதனோடு இயைந்து ஒலிக்கும், இரண்டு உயிரொலிகளுக்கு இடையே தனித்து வந்தால் மெலிது என்று அவளே நாலைந்து சொற்களைச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடிக்க இயலாவிடில் தமிழாசிரியரிடம் ஓடுகிறாள். தன் மொழியின் ஒலியியலை அன்றுதான் முதன்முதலாக அவள் அறிகிறாள். பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு இங்கே, இந்த இடத்தில், அவள் கைக்கு வந்து சேர்கிறது.

ழகரமும் அவ்வாறே. கோழி என்பது கன்னடத்தில் கோளி; தெலுங்கில் கோடி. ஏழு என்பது கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. பழங்கன்னடத்திலும் ழகரம் இருந்து பின்னர் மறைந்தது. மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒரு கோழிப் படத்தைக் காட்டித் தத்தம் வீட்டுச் சொல்லைச் சொல்லிக் கொண்டால், மொழிஞாயிறு பாவாணர் போன்ற அறிஞர்கள் வாழ்நாளெல்லாம் உழைத்து விளக்கிய மொழியுறவின் முதற்பாடம் அங்கே விளையாட்டாகவே நடந்துவிடும். வேற்றுமொழி வீட்டுப் பிள்ளையோடு பழகினால் தமிழ் கெடும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். அப்பிள்ளையின் தாய்மொழியை இகழ்ந்து தமிழைப் புகட்ட இயலாது. அதன் சொல்லை மதித்துக் கேட்பவர் சொல்லும் தமிழையே அது விரும்பிக் கற்கும்.

நடத்தும் முறை

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் அல்லது ஏழாம் வகுப்புப் பிள்ளை தக்க துணை. பத்தாம் வகுப்பினர்க்குத் தேர்வுச் சுமை உண்டு, அவர்களை விட்டுவிடலாம். மூத்தவர் வகுப்பில் முதல்வராக இருக்க வேண்டும் என்பதில்லை. தடுமாறிப் படிக்கும் ஏழாம் வகுப்புப் பையன், தன் வகுப்பு நூலை எடுக்க நாணுவான். மூன்றாம் வகுப்புக் கதை நூலைத் தம்பிக்காக எடுப்பதில் நாணம் இல்லை. தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டி முதல்நாளே தான் ஒருமுறை படித்து வருவான். வெளியே சொல்லாமல் அவன் குறையும் நீங்கும். மூத்தவர் தமிழ் வீட்டாராகவே இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. தெலுங்கு வீட்டு அக்காள் தான் கடந்து வந்த தடுமாற்றத்தை நன்கு அறிவாள். தெரு பார்த்தும் குலம் பார்த்தும் இணை சேர்த்தல் அறவே கூடாது.

நூலைத் தேர்ந்தெடுப்பது இளையவர் உரிமை. முதலில் இருவரும் ஒரே குரலாகச் சேர்ந்து படிக்க வேண்டும். தனியே படிக்கும் துணிவு வந்ததும் இளையவர் மேசையை மெல்லத் தட்டுவார். மூத்தவர் குரலை நிறுத்திக்கொள்வார். ஒரு சொல்லில் தடை நேர்ந்தால் மூத்தவர் மனத்துக்குள் ஐந்துவரை எண்ண வேண்டும். அதற்குள் இளையவரே திருத்திக்கொண்டால் நன்று. இல்லையேல் சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லி, இளையவரைத் திருப்பிச் சொல்லச் செய்து, மீண்டும் சேர்ந்து படித்துச் செல்ல வேண்டும். தவறு என்ற சொல்லே வேண்டா. முடிவில் கதையைப் பற்றி இரண்டு வினா. ஒரு சிறு குறிப்பேட்டில் நூலின் பெயரும் நாளும். இவ்வளவே. இம்முறையை மூத்தவர்க்குக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும். இணைகளுக்கிடையே நடந்து செவிகொடுப்பதும், பொருந்தாத இணையை மாற்றுவதும், பிழையாகச் சொல்லிக் கொடுப்பதைத் திருத்துவதும் ஆசிரியர் பணி.

நூல்களுக்கும் இன்று முன்போல் பஞ்சமில்லை. தமிழக அரசு 2022இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் இதழ்களைத் தொடங்கியது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் வழி, நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் மெல்லிய சிறுநூல்கள் பள்ளிகளுக்கு வந்தன. அவை பேழைக்குள் உறங்கினால் பயனில்லை. நூல் காணாமற் போனால் தம்மைக் கேட்பார்களே என்ற அச்சத்தால் பூட்டி வைக்கும் தலைமையாசிரியர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவ்வச்சத்தை ஊரார் ஏற்றுக்கொள்ள வேண்டும். சீர்காழியில் பிறந்து நூலகவியலுக்கு உலகப் புகழ் தேடித்தந்த அரங்கநாதனார் 1931இல் வெளியிட்ட ஐந்து நெறிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. அத்தகைய நாட்டில் பள்ளி நூற்பேழையின் சாவி துருப்பிடித்தல் தகுமா?

அன்பர்கள் செய்யத்தக்கன

இவ்வூர்த் தமிழன்பர்கள் அருள்கூர்ந்து மூன்று பணிகளை மேற்கொள்ள வேண்டும். தம் பிள்ளை பயிலும் பள்ளியின் தலைமையாசிரியரைக் கண்டு, கிழமைக்கு இருமுறை இருபது மணித்துளி ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்க வேண்டும். ஆண்டுக்கு இருபது சிறுநூல்களேனும் வாங்கித் தந்து, கிழிந்து போவதற்கும் தொலைந்து போவதற்கும் தாமே பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், உன் மதிப்பெண் என்ன என்று கேட்பதோடு நில்லாமல், இக்கிழமை உன் தம்பி என்ன நூல் படித்தான் என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு மேடை வேண்டா, கொடி வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. பத்து இணைகள் ஓராண்டு அமர்ந்து படித்தால், அடுத்த ஆண்டு அவ்விளையோருள் சிலர் தாமே மூத்தோராகத் துணைக்கு வருவர். மூன்றாம் வகுப்பில் எழுத்தெழுத்தாகத் தடவிய தெலுங்கு வீட்டுச் சிறுமி, ஏழாம் வகுப்பில் வேறொரு தங்கைக்குப் பகல் என்ற சொல்லின் ககரத்தை விளக்கும் நாள் வருமாயின், பாகலூரில் தமிழ் வேரூன்றிவிட்டது என்று துணிந்து கூறலாம். அந்த நாளை வரவழைக்கும் பணி இக்கிழமையே தொடங்கட்டும்!

ஓங்குக தமிழ்க்கல்வி! வாழ்க தமிழ்!